இருசக்கர வாகனத்தில் கணிப்பொறி: பழுது பார்ப்போர் எதிர்நோக்கும் மாற்றம்

(இருசக்கர வாகனப் பழுது பார்ப்புப் பிரிவில் பயிற்சி முடித்த மாணவர்களிடையே, ஓய்வு பெற்ற பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை)



இத்தகைய விழாக்களில் பேச அழைக்கப்படுகிறவர் எதிர்காலத்தைப் பற்றி நான்கு நல்ல வார்த்தைகள் கூறி அமர்வது வழக்கம். எனக்கு அந்தத் திறமை இல்லை. வாழ்நாளின் பெரும்பகுதியைக் கையில் ஸ்பேனருடன் கழித்தவன் நான். ஆகவே, சென்ற வாரம் உங்கள் பட்டறையைப் பார்க்க வந்தபோது மாணவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொள்கிறேன். "ஐயா, எங்களுக்குப் பழைய எஞ்சினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொடுத்தார்கள். வெளியே ஓடுவதோ கணிப்பொறி வைத்த வண்டி. நாங்கள் கற்றது வீண்தானா?" என்று அவர் கேட்டார். அப்போது நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்குச் சென்ற பிறகுதான், அது சிரித்து மழுப்பக்கூடிய கேள்வி அன்று என்பது உறைத்தது.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் நமது நாட்டுச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் என்றால் மூன்று பெயர்கள்தாம் பெரும்பாலும் காதில் விழும். 1955-ல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த புல்லட் ஒன்று. மைசூரில் செய்யப்பட்டு, முதலில் ஜாவா என்றும் பின்னர் யெஸ்டி என்றும் வழங்கிய வண்டி மற்றொன்று. போலந்து நாட்டு வடிவமைப்பைத் தழுவி எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ராஜ்தூத் மூன்றாவது. புல்லட் நான்கு வீச்சு எஞ்சின் கொண்டது. ஏனைய இரண்டும் இரு வீச்சு வண்டிகள். வடிவத்தில் எவ்வளவு வேறுபட்டாலும், இம்மூன்றின் உள்ளமைப்பையும் ஒரு மனிதன் முழுமையாக மனத்தில் இருத்திக்கொள்ள முடிந்தது. பெட்ரோல் தன் எடையாலேயே தொட்டியிலிருந்து கார்புரேட்டருக்கு இறங்கும். மிதவை உயர்ந்து வழியை அடைக்கும். உள்ளே இழுக்கப்படும் காற்று, ஜெட்டின் துளை வழியே பெட்ரோலை உறிஞ்சிச் செல்லும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் பிளக்கில் பொறி பறக்கும். இவற்றில் கண்ணால் காண முடியாதது அந்த மின்சாரம் ஒன்றுதான். அதையும் பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடலில் சாய்த்து வைத்து, கிக்கரை உதைத்துப் பார்த்துவிடலாம்.

1980-களின் தொடக்கத்தில் நான் டில்லியில் பணியாற்றி வந்தேன். ஒரு குளிர்கால இரவில் ஆக்ராவிலிருந்து புல்லட்டில் திரும்பிக்கொண்டிருந்தபோது வண்டி நின்றுவிட்டது. சாலையோரத் தேநீர்க் கடையின் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பாயிண்ட் மூடியைத் திறந்து பார்த்தேன். முனைகள் கருகியிருந்தன. தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் தேய்த்து, இடைவெளியைக் கண்ணளவிலேயே சரி செய்தேன். மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. தேநீருக்குக் கொடுத்த காசைத் தவிர வேறு செலவில்லை. என் வயதுடைய மெக்கானிக்குகள் எல்லோரிடமும் இத்தகைய கதை ஒன்று இருக்கும். பழைய வண்டிகளைப் பற்றி இன்று பலரும் ஏக்கத்தோடு பேசுவதற்கு இத்தகைய இரவுகளே காரணம்.

ஆனால் அந்த ஏக்கத்தில் பாதி உண்மையே உள்ளது. பாயிண்ட் ஏன் கருகியது? அது அடிக்கடி கருகும் பொருள் என்பதுதான் விடை. சாலையோரத்தில் சரி செய்ய முடிந்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். சாலையோரத்தில் நிற்க நேர்ந்ததை மறந்துவிடுகிறோம். இரு வீச்சு வண்டிகளின் சைலன்சரைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கழற்றி, உள்ளே படிந்த கரியைச் சுரண்டியாக வேண்டும். புல்லட்டின் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கியவர்களை நான் அறிவேன். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டவில்லை என்றால் எஞ்சினில் எண்ணெயே இல்லை என்று பொருள் என எங்களுக்குள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம்.

இவையெல்லாம் வண்டிக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் இடையிலான சங்கதிகள். மூன்றாவது மனிதர் ஒருவர் இருந்தார். அவரை நாங்கள் அப்போது நினைத்துப் பார்க்கவே இல்லை. வண்டியின் பின்னால் நடந்து சென்றவர் அவர்.

இரு வீச்சு எஞ்சினில் எரிந்த புகை வெளியேறும் வழியும் புதிய கலவை உள்ளே வரும் வழியும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். ஆகவே உள்ளே வந்த பெட்ரோல் கலவையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை எரியாமலேயே சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். பெட்ரோலோடு கலந்த எண்ணெயும் அரைகுறையாக எரிந்து நீலப் புகையாக வரும். ஒரு வண்டியென்றால் காற்றில் கரைந்துவிடும். ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் ஆட்டோ ரிக்ஷாக்களும் ஒரே சந்திப்பில் பச்சை விளக்குக்காகக் காத்திருந்த டில்லியின் குளிர்கால மாலைகளை எண்ணிப் பாருங்கள். அந்தப் புகையில் நாள் முழுவதும் வேலை செய்த எங்களுக்கு இரவில் இருமல் வரும். அதைப் பனியின் குற்றம் என்று நினைத்துக்கொண்டோம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், 1989-ஆம் ஆண்டின் மைய மோட்டார் வாகன விதிகளும் வந்த பிறகே இப்புகைக்குக் கணக்கு வைக்கத் தொடங்கினோம். புதிய இருசக்கர வாகனம் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது எவ்வளவு கார்பன் மோனாக்சைடு வெளியிடலாம் என்பதற்கு 1991-ல் முதல் வரம்பு விதிக்கப்பட்டது. வண்டியின் எடையைப் பொறுத்து 12 கிராம் முதல் 30 கிராம் வரை அன்று அனுமதிக்கப்பட்டது. 1996-ல் இது 4.5 கிராமாகவும், 2000-ல் 2 கிராமாகவும், 2005-ல் 1.5 கிராமாகவும், 2010-ல் 1 கிராமாகவும் குறைந்தது. சோதனை முறைகள் இடையிடையே மாறியிருப்பதால் இவ்வெண்களை அப்படியே வகுத்துப் பார்ப்பது சரியாகாது. எனினும் மாற்றத்தின் திசையையும் வேகத்தையும் இவை தெளிவாகக் காட்டுகின்றன.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த இருபது ஆண்டுகளில் ஏற்பட்ட பெரும் வீழ்ச்சிக்குக் கணிப்பொறி முக்கியக் காரணம் அன்று. 1985-ல் வெளிவந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 போன்ற சிறிய நான்கு வீச்சு வண்டிகள், குறைந்த பெட்ரோலில் நெடுந்தொலைவு ஓடிக் காட்டியதால், இரு வீச்சு வண்டிகளின் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. பாயிண்டுக்குப் பதிலாக மின்னணுப் பற்றவைப்பு வந்தது. ஈயம் கலவாத பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் வழக்கத்துக்கு வந்ததால், ஈயத்தால் கெட்டுப்போகக்கூடிய வினையூக்கி மாற்றியைச் சைலன்சருக்குள் வைக்க வழி பிறந்தது. கார்புரேட்டர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பெரும்பாலான இருசக்கர வாகனங்களில் அது 2020 மார்ச் வரை நீடித்தது. எளிமையும் தூய்மையும் ஒன்றுக்கொன்று முற்றிலும் பகை அல்ல என்பதற்கு இந்த இருபது ஆண்டுகளே சான்று.

அப்படியானால் கணிப்பொறி எதற்கு? 2020 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பாரத் நிலை ஆறு விதிகளில் இதற்கு விடை உள்ளது. அதுவரை ஹைட்ரோகார்பனுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கும் சேர்த்தே வரம்பு விதித்து வந்தார்கள். நான்காம் நிலையில் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்குத் தனி வரம்பும் சேர்ந்தது. இப்போது இரண்டும் பிரிந்தன. நைட்ரஜன் ஆக்சைடுகளுக்குக் கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம், ஹைட்ரோகார்பனுக்கு 100 மில்லிகிராம் என்று நிர்ணயிக்கப்பட்டது. இதில் ஒரு சங்கடம் உண்டு. பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டினால் கார்பன் மோனாக்சைடு குறையும். ஆனால் வெப்பம் ஏறி நைட்ரஜன் ஆக்சைடு கூடும். பெட்ரோலைக் கூட்டினால் நிலைமை தலைகீழாகும். மூன்று நச்சுகளையும் ஒருசேர மாற்றும் வினையூக்கி, 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற எடைக் கணக்கை ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள்தான் முழுத் திறனுடன் வேலை செய்யும். பித்தளைத் துளையும் ஊசியும் கொண்ட கார்புரேட்டரால், வெயிலிலும் மழையிலும், ஏற்றத்திலும் இறக்கத்திலும் அந்த எல்லையைக் காத்து நிற்க இயலாது. நிமிடத்துக்கு 6000 சுற்று சுழலும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் விநாடிக்கு 50 முறை பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு என்பதைக் கணித்து, வெளியேறும் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளந்து திருத்திக்கொள்ள வேண்டும். இதை மனிதக் கை செய்ய முடியாது.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இதன் அருமை எளிதில் புலப்படாது. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. சமவெளியில் கொடுத்த பெட்ரோலையே ஏறக்குறைய அங்கும் கொடுக்கும். கரும்புகையும் திணறலும்தான் மிஞ்சும். அதனால்தான் லடாக் சாலைகளில் புல்லட் ஓட்டியவர்கள் பையில் சிறிய ஜெட்டுகளை எடுத்துச் சென்று, குளிரில் விரல் விறைக்க, வழியில் மாற்றிக்கொண்டார்கள். இன்றைய வண்டியில் காற்றழுத்தத்தை உணரும் சென்சார் இந்த வேலையை ஓட்டுபவர் அறியாமலேயே முடித்துவிடுகிறது. ஜெட் மாற்றிய நாட்களை இன்று பலரும் இனிமையாக நினைவுகூர்கிறார்கள். மாற்றிய அன்று யாரும் மகிழ்ந்ததாக எனக்கு நினைவில்லை.

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். இதுதான் உங்கள் வாழ்க்கையைத் தொடும் பக்கம்.

எங்கள் பகுதியில் பால் விற்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு இரு பக்கமும் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு புறப்படுவார். சில ஆண்டுகளுக்கு முன் புதிய வண்டி வாங்கினார். ஒரு மழைக்காலத்தில் அது வழியில் நின்றுவிட்டது. விசையைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, எஞ்சின் கிளம்பவில்லை. உதைத்துக் கிளப்பலாம் என்றால் கிக்கரே கிடையாது. அருகிலிருந்த மெக்கானிக், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர், பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். சிறிய சரக்கு வண்டியில் ஏற்றி ஒரு பணிமனைக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணிப்பொறிப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று கூறி மாற்றிவிட்டார்கள். அதற்கு ஆன செலவு அவருடைய ஒரு மாத வருமானத்தைவிட அதிகம். பத்து நாளில் வண்டி மீண்டும் நின்றது. பிறகு அதை என் வீட்டு முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேடினேன். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்லும் தரை இணைப்புக் கம்பியின் முனை, இருக்கைக்கு அடியில் நீர் தேங்கிப் பச்சை பூத்திருந்தது. அதைச் சுரண்டி இறுக்கியதும் வண்டி கிளம்பிவிட்டது. நீக்கப்பட்ட பழைய பெட்டி நல்ல நிலையில்தான் இருந்திருக்க வேண்டும்.

இந்நிகழ்ச்சியில் பழுதானது எது? கணிப்பொறி அன்று. பாயிண்ட் கருகியதைப் போன்றே சாதாரணமான பழுதுதான் அது. அன்று மூடியைத் திறந்தால் பழுது கண்ணுக்குத் தெரிந்தது, இன்று தெரியவில்லை. தெரியாத இடத்தில் ஊகம் நுழைகிறது. ஊகம் தவறினால் அதற்கான பணத்தைப் பால்காரர் கட்டுகிறார்.

பழுதைத் தானே கண்டறிந்து குறியீடாகச் சேமிக்கும் ஏற்பாடு பாரத் நிலை ஆறு விதிகளின்படி இருசக்கர வாகனங்களில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. 2023-லும் அதன் பின்னரும் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. அதாவது வண்டியே தன் நோயைச் சொல்லக் காத்திருக்கிறது. சில வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு மின்னும் எண்ணிக்கையைக் கொண்டே குறியீட்டைப் படித்துவிடலாம். மற்றவற்றுக்கு ஸ்கேனர் தேவை. பொதுவான ஸ்கேனர்கள் சந்தையில் கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வைத்திருக்கும் மென்பொருளில்தான் ஆழமான விவரங்களும், புதிய பெட்டியைப் பொருத்திய பின் செய்ய வேண்டிய அமைப்புகளும் அடங்கியுள்ளன. கம்பி இணைப்பு வரைபடங்களோ நிறுவனத்தின் சொந்தப் பணிமனைகளைத் தாண்டி வெளியே வருவது அரிது. முன்பு புல்லட்டுக்கும் ராஜ்தூத்துக்கும் உரிய கையேடுகள் டில்லி கரோல் பாக் கடைகளில் விற்கும். எண்ணெய்க் கறை படிந்த பக்கங்களை நாங்கள் கைமாற்றிப் படித்தோம். எஞ்சின் சிக்கலானதில் எனக்கு வருத்தமில்லை. அந்த அறிவு பூட்டி வைக்கப்பட்டதில்தான் வருத்தம்.

பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய மைய அரசின் நுகர்வோர் நலத் துறை 2022-ல் ஒரு குழுவை அமைத்தது. கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருள்கள், வேளாண் கருவிகள் ஆகியவற்றுடன் மோட்டார் வாகனங்களையும் அக்குழு எடுத்துக்கொண்டது. கையேடுகளையும் உதிரி பாகங்கள் பற்றிய விவரங்களையும் நுகர்வோருக்கும் பிற பணிமனைகளுக்கும் கிடைக்கச் செய்வதற்கான இணையதளமும் ஏற்படுத்தப்பட்டது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் என் கருத்தில், நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்படும் ஏற்பாடு நகரத்துக்கு வெளியே உள்ள மெக்கானிக்கைச் சென்றடையாது. புகைக்கு வரம்பு விதித்ததுபோல் இதற்கும் விதி வேண்டும். புகை வரம்பு நிறைவேறியதும் விருப்பத்தால் அன்று என்பதை 2017-ல் பார்த்தோம். அவ்வாண்டு மார்ச் 29-ஆம் நாள், பாரத் நிலை மூன்று வாகனங்களை ஏப்ரல் முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, விற்காமல் இருந்தவை எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள். அவற்றில் பெரும்பாலானவை இருசக்கர வாகனங்களே.

சுங்க வரிக் கணக்கு பார்ப்பவர்கள் இன்னொன்றையும் சொல்வார்கள். கார்புரேட்டரும் பாயிண்டும் பெரும்பாலும் நம் நாட்டிலேயே உருவாயின. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் சில்லுகளும், வினையூக்கியில் பூசப்படும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2021-ல் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது நம் வாகனத் தொழிற்சாலைகளும் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. இது பெரிய பொருள். இன்று இதை இவ்வளவோடு விடுகிறேன்.

பழைய வண்டிகளும் உடனே மறைந்துவிடப் போவதில்லை. பதிவுக் காலமான 15 ஆண்டுகள் முடிந்த பின், தகுதியைச் சோதித்து ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. டில்லி போன்ற பகுதிகளில் கட்டுப்பாடு கடுமையாக உள்ளது. இவ்வண்டிகளுக்கு இப்போது புதிய தேவை ஒன்று எழுந்துள்ளது. எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 முதல் பரவலாக விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் காலப்போக்கில் கெடுக்கும். எரிவதற்கு அதற்குக் காற்று குறைவாகவே வேண்டும் என்பதால், பழைய ஜெட்டின் அளவில் கலவையில் எரிபொருள் போதாமல் போகும். ஆக்சிஜன் சென்சார் உள்ள புதிய வண்டி ஓரளவு தன்னைத் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டியைத் திருத்த உங்கள் கைதான் வேண்டும்.

எனவே, கேள்வி கேட்ட அந்த இளைஞருக்கு என் விடை இது. நீங்கள் கற்றது வீண் அன்று. ஆனால் முழுமையும் அன்று. வால்வு, பிஸ்டன், கிளட்ச், கியர், சங்கிலி எதுவும் மாறவில்லை. காற்று, எரிபொருள், பொறி என்ற மூன்றையும் வரிசையாகச் சோதிக்கும் பழக்கம் கார்புரேட்டரில் கற்றதுதான். இன்ஜெக்டருக்கும் அதுவே பொருந்தும். பெட்ரோல் பம்பின் அழுத்தத்தை அளக்கவும், பாட்டரியின் மின்னழுத்தம் எந்த இணைப்பில் குறைகிறது என்று தேடவும், ஸ்கேனர் காட்டும் குறியீட்டை அப்படியே நம்பி உதிரி பாகத்தை மாற்றாமல் இருக்கவும் இனிக் கற்க வேண்டும். ஸ்கேனர் சென்சாரின் பெயரைச் சொல்லும். கம்பி அறுந்ததா, சென்சார் கெட்டதா என்பதைச் சொல்லாது. ஸ்கேனரின் விலை தனி ஆளுக்குச் சுமையாக இருந்தால், ஒரே தெருவிலுள்ள நான்கு பட்டறைகள் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். நாங்கள் ஒரு காலத்தில் சிலிண்டர் துளைக்கும் இயந்திரத்தை அப்படித்தான் வைத்திருந்தோம். அதில் சண்டையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல்வரின் இசைவுடன் பட்டறையில் இரண்டு எஞ்சின்களை மேசையில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஒன்று 1970-களின் புல்லட். மற்றொன்று, காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட, விபத்துக்குள்ளான ஒரு புதிய வண்டியினுடையது. இரண்டிலும் ஒரு பழுதை நானே ஏற்படுத்தியிருக்கிறேன். சான்றிதழ் வழங்கி முடிந்ததும், தேநீருக்கு முன், மூன்று பேர் கொண்ட குழுக்களாக வாருங்கள். புதிய எஞ்சினுக்கு மல்டிமீட்டர் மட்டும் தருவேன், ஸ்கேனர் தரமாட்டேன்.